பட்டி பார்த்த வண்டி

— மூக்கைப் பொத்திக்கிட்டுப் பேசாதீங்க தங்கச்சி. நீங்க சொல்றது ஒண்ணும் காதுல விழல.

— பொத்தாம எப்படீங்க பாய் நிக்கிறது? சீட்டைத் தூக்குனதும் குப்புனு வருதே, கருமம்! எலி செத்துக் கெடக்குதுங்களா?

— எலி செத்திருக்கு, ஒண்ணே ஒண்ணு. குட்டிங்க அஞ்சாறு உசுரோட இருக்கு. ஆனா இந்த நாத்தம் எலி நாத்தம் இல்ல. பின்னால லோடு ஏத்துற தொட்டி ஓரத்துல ஸ்குரூ டிரைவரால சுரண்டினேன். என்ன உதிருது பாருங்க.

— த்தூ! என்னங்க அது, காஞ்ச மாவாட்டம்?

— கோழி எரு. அப்பிக் கெடக்கு. கழுவக்கூட இல்ல, அதுமேலயே நீலப் பெயிண்டை அடிச்சு விட்டுட்டான். இந்தா, இறகுகூட பெயிண்டோட சேர்ந்து ஒட்டியிருக்கு.

— அடப்பாவி! துண்டு பண்டல் மட்டுந்தான் ஏத்துன வண்டின்னானுங்க அந்த வண்டி புரோக்கரு சந்தோசு. சேலத்துல ஒரு ஜவுளிக்காரரு வெச்சிருந்தாராம். அவரு சம்சாரம் வெள்ளிக்கிழமையானா கோயிலுக்குப் போறதுக்கு எடுப்பாங்களாம்.

— பிக்கப் வண்டியிலயா கோயிலுக்குப் போனாங்க?

— அப்பத் தோணலீங்களே! 'மஞ்சுளாக்கா, உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன்'னு முப்பத்திரண்டு பல்லையும் காட்டுனான். நானும் ஈன்னு இளிச்சுக்கிட்டுச் சாவியை வாங்கிட்டு வந்துட்டேன். இப்ப நெனைச்சா எம்மேலயே எனக்கு ஓங்கரிச்சுக்கிட்டு வருதுங்க.

— இது பண்ணை பண்ணையா எரு அடிச்ச வண்டி. டீசல் வண்டி வேற, பதினாலு வருசம் ஓடியிருக்கு. எருவுல இருக்கிற காரம் இரும்பைத் தின்னுடும் தங்கச்சி. இப்ப இந்தக் கதவுக்கு அடியில சுத்தியலால தட்டுறேன். டங்குனு கேக்கணும். கேளுங்க.

— டொப்புங்குதுங்க.

— அத்தனையும் பட்டி. சுண்ணாம்பு சுவத்துக்குப் பூசுற மாதிரி பூசியிருக்கான். உள்ள தகடே கிடையாது. விரலை விட்டாப் போகுது... இருங்க, என்னமோ தட்டுப்படுது. பேப்பரு. நியூஸ் பேப்பரைச் சுருட்டி ஓட்டையில அடைச்சுட்டு, அதுமேல பட்டி பார்த்திருக்கான். தேதி போட்டிருக்கு. போன மாசத்துப் பேப்பர்.

— காயிதத்துல வண்டி செஞ்சு குடுத்திருக்கிறானா எனக்கு? இஞ்சினாச்சும் உருப்படியா இருக்குதுங்களா? சத்தமே இல்லாம வந்துச்சே.

— அதுதான் எனக்கும் சந்தேகம். ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன், தேன் மாதிரி வழியுது. கெட்டி ஆயிலை ஊத்திட்டா நாலு நாளைக்குச் சத்தமும் அடங்கும், புகையும் அடங்கும். இப்ப ஆயில் மூடியைத் திறந்து வெச்சுட்டு ஸ்டார்ட் பண்றேன். தள்ளி நில்லுங்க.

— அய்ய! டீக்கடை பாய்லராட்டம் புகையுதுங்க! நிறுத்துங்க, நிறுத்துங்க, கண்ணெல்லாம் எரியுது.

— இஞ்சின் போனாப் போகுது, பிரிச்சு வேலை செஞ்சுக்கலாம். அது ஒண்ணும் ஆளைக் கொல்லாது.

— எனக்குப் பதினெட்டுப் பொம்பளைங்க உசுருங்க பாய். திங்கக்கிழமை கொல்லிமலை அடிவாரத்துல மரவள்ளிக் கிழங்கு புடுங்கணும். அவளுங்களை ஏத்திக்கிட்டுப் போறதுக்குத்தானே வண்டியே வாங்குனேன். ஒவ்வொருத்தியும் என்னை நம்பி, வெடியறதுக்குள்ள சோத்துப் போசியைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறா.

— லோடு வண்டியில ஆளேத்தக் கூடாது. தெரியுமில்ல?

— சேந்தமங்கலத்துல எவன் ஏத்தாம இருக்கிறான்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.

— சரி, அந்தச் சாக்கை இப்படிப் போடுங்க. அடியில படுத்துப் பார்த்துடறேன். அந்த டார்ச்சையும் குடுங்க. ஸ்பிரிங் பட்டை பரவால்ல... சைலன்சர் போச்சு... அதுகூடக் கிடக்கட்டும்...

— பாத்துங்க, மூஞ்சி மேல எருவு கொட்டப் போவுது.

— இந்த இடத்துல பெயிண்ட் மட்டும் புதுசா இருக்கே. சுரண்டிப் பார்க்கிறேன்.

— என்னங்க இருக்குது?

— ...

— ஏனுங்க, நசுருல்லா பாய்! மயக்கம் கியக்கம் வந்துருச்சா?

— இல்ல. இருக்கேன்.

— என்னத்தைப் பாத்தீங்க?

— சேஸ் வெடிச்சிருக்கு. பின் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால. வெல்டிங் அடிச்சு, தெரியாம இருக்க மட்டமாத் தேய்ச்சு, கறுப்பு பெயிண்ட் பூசியிருக்கு.

— சேஸுன்னா?

— வண்டிக்கு முதுகெலும்பு அது. அது மேலதான் தொட்டி, இஞ்சின் எல்லாம் உக்காந்திருக்கு. இப்ப முதுகெலும்புல ஒட்டுப் போட்டிருக்கு.

— ஒட்டு உட்டுப்போச்சுன்னா?

— ஓடும்போது விட்டுச்சுன்னா வண்டி நடுவுல மடங்கும். பின்னால நிக்கிறவங்க... வேண்டாம், விடுங்க. நீங்க அந்தப் பையனைக் கூப்பிடுங்க.

— கூப்பிடுறேன். நாக்கைப் புடுங்குறாப்புல கேக்கறேன். அலோ! சந்தோசு! எங்கடா இருக்கிற? பஸ் ஸ்டாண்டுலயா? எவனுக்கு எந்த நாத்த வண்டியைக் காட்டிக்கிட்டு இருக்கிற? வாடா இங்க, நசுருல்லா பாய் பட்டறைக்கு. வரலீன்னா பதினெட்டுப் பொம்பளைங்களையும் கூட்டிக்கிட்டு உன் ஊட்டு வாசல்ல வந்து உக்காந்துக்குவேன், ஆமா!

— கத்தாதீங்க. தண்ணி குடிங்க.

— தண்ணியா எறங்கும்? நீங்க ஏனுங்க பாய் இப்படி வேர்த்து வடியுறீங்க?

— அடியில புழுக்கம்.

— அதோ வாரான் பாருங்க. சட்டையும் கண்ணாடியும்! புது மாப்பிள்ளையாட்டம்.

— அக்கோவ்! வணக்கம்க்கா! என்னக்கா, போன்ல அப்படிச் சூடாகிட்டீங்க? சந்தோஷ்குமார்கிட்ட வண்டி எடுத்தவங்க யாரும் இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைண்ட் சொன்னதில்லக்கா. பக்கா கண்டிசன் வண்டி.

— இதை மோந்து பாருடா. மோந்து பாரு! இதுதான் துண்டு பண்டலா?

— ச்சே, தள்ளுக்கா, சட்டையில படுது! அது... நடுவுல ஒரு ரெண்டு நடை எரு ஏத்தியிருப்பாங்க. பழைய வண்டின்னா அப்படித்தான். பத்து கை மாறி வருது, நமக்கு எல்லாமா தெரியும்?

— கதவுக்குள்ள பேப்பர் இருக்குது, அது தெரியுமா? சேஸ் வெடிச்சது தெரியுமா?

— சேஸா? சாமி சத்தியமாத் தெரியாதுக்கா. இந்தக் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போகட்டும்.

— சந்தோஷ், சத்தியம் பண்ணாத. கேக்கவே அருவருப்பா இருக்கு. பதினெட்டு பேரு ஏற வேண்டிய வண்டி. உனக்குத் தெரியாம அந்த வெல்டிங் விழுந்திருக்காது. காசுக்கு எதை வேணா திம்பீங்களாடா நீங்கல்லாம்? அந்தத் தொட்டியில ஒட்டிக்கிட்டிருக்கு பாரு, அதைக்கூடவா?

— பாய், போதும். ஓவராப் போறீங்க.

— அந்தம்மாகிட்டக் காசைத் திருப்பிக் குடு. வண்டியை எடுத்துக்கிட்டுப் போ.

— குடுக்கறேன் பாய், குடுக்கறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லுங்க. அந்த வெல்டிங் யாரு கை வேலைன்னு அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா?

— இப்ப அது எதுக்கு சந்தோஷ்?

— சொல்லலியா? நான் சொல்லட்டுமா?

— என்னங்க பாய் இவன் சொல்றது?

— நம்பர் பிளேட்டைக் கழட்டிட்டு, போன மாசம் ஒரு வெள்ளை வண்டியை இங்க கொண்டாந்தான் தங்கச்சி. இப்ப நீலப் பெயிண்ட்ல எனக்கு அடையாளம் தெரியல. அடியில படுத்ததும்தான்... தையல்காரனுக்கு அவன் தையல் தெரியாமப் போகுமா?

— நீங்களா அடிச்சீங்க?

— நான்தான். காயலான் கடைக்குப் போற வண்டி பாய், அதுவரைக்கும் உருண்டு போய்ச் சேர்ந்தாப் போதும்னு சொன்னான்.

— காயலான் கடைக்குப் போற வண்டிக்கு எதுக்குங்க தேய்ச்சு மட்டம் பண்ணி, பெயிண்டு பூசுனீங்க?

— அவன் சொன்னான், செஞ்சேன்.

— ஒடைக்கப் போற இரும்புக்கு அலங்காரம் எதுக்குங்க? இவனைக் கேட்டீங்களா?

— கேக்கல.

— ஏன்?

— கேட்டா பதில் வந்திருக்கும் தங்கச்சி. கைக்கு வந்த வேலை, ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுது, காசு குடுத்தான். ராத்திரி வீட்டுல உக்காந்து நல்லாத்தான் சாப்பிட்டேன்.

— த்தூ! இவன் என்னமோ புரோக்கரு, பொய் சொல்றதுதான் தொழிலு. உங்களைப் போயி பெரிய மனுசன்னு நம்பி வந்தேன் பாருங்க. இவ்வளவு நேரம் என்னமா பேசுனீங்க! சேறு சேத்தைப் பாத்து மூக்கைப் பொத்துன கதையால்ல இருக்குது.

— துப்புங்க. எனக்கு வேணும். பழைய சேஸைக் கழட்டிட்டு வேற சேஸ் மாத்தித் தர்றேன். கூலி ஒரு பைசா வேண்டாம். பதினஞ்சு இருபது நாள் ஆகும்.

— இருபது நாளா? திங்கக்கிழமை கிழங்கு புடுங்கலீன்னா தோட்டக்காரரு அந்த இன்னொரு மேஸ்திரி பொன்னனோட ஆளுங்களை எறக்கிடுவாரு. அவன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு வேலிக்கு வெளியவே நிக்கிறான். ஒருக்கா உட்டா அந்தப் பக்கத்துத் தோட்டம் பூரா போச்சு. எம்பட பேரைச் சொன்னா எவளும் வரமாட்டா.

— வாடகைக்கு ஒரு வண்டி பிடிங்க.

— வாடகை வண்டிக்கே பாதிக் கூலி போவுதுன்னுதானுங்க இதையே வாங்குனேன். டேய் சந்தோசு, நீ வண்டியை எடுத்துக்கிட்டு எங்காசைக் குடு.

— காசு கைமாறிப் போச்சுக்கா. ஆர்சி உங்க பேருக்கு மாத்தியாச்சு. சும்மா கோவத்துல பேசாதீங்க. இந்த பாய் கை என்ன சாதாரணக் கையா? அவரு வெல்டிங் ஒரு சீசன் அசையாது. கிழங்கு முடிஞ்சதும் வேற பார்ட்டிக்கு நானே தள்ளி விடறேன். இதைவிடக் கூடவே வாங்கித் தர்றேன்.

— ஒரு சீசன் தாங்குமாங்க பாய்?

— யாரைக் கேக்கறீங்க?

— உங்களைத்தான். ஒரே ஒரு மாசம்.

— சமதரையில தாங்கினாலும் தாங்கும். அடிவாரத்துல ஓடை இறங்கி ஏறணுமே, அங்க பதினெட்டு பேரு ஒரு பக்கமாச் சாஞ்சா தாங்காது. என்னைக்குன்னு சொல்ல முடியாது. முத நாளே நடக்கலாம்.

— நடக்காமயும் போகலாமில்லீங்க?

— தங்கச்சி...

— அப்பச் சரி. சுரண்டுன எடத்துல மறுபடியும் தேய்ச்சு, பெயிண்டைப் பூசி உடுங்க.

— இப்ப என்ன சொன்னீங்க?

— பெயிண்டு அடிங்கன்னேன். வண்டியைத் தண்ணி ஊத்திக் கழுவிக்கிறேன். நாத்தம் போறதுக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சுக்கலாம்.

— கொஞ்சம் முன்னால பதினெட்டு உசுருன்னீங்க.

— நான் மட்டும் ஏன் ஏமாந்து நிக்கோணும்? இவன் என்னை ஏமாத்துனான், நீங்க கண்ணை மூடிக்கிட்டீங்க. நான் மட்டும் உத்தமியா இருந்து தெருவுல நிக்கிறதா? அவளுங்க என்ன, வண்டிக்கு அடியில குனிஞ்சா பாக்கப் போறாளுங்க? ஏறுன்னா ஏறுவாளுங்க.

— சூப்பர்க்கா! இதுதான் பிசினஸ் மூளை! நான் அப்பவே சொன்னேன்ல?

— நீ வாயை மூடுடா, எச்சக்கலை. உன்னைப் பாத்தாலே குமட்டுது.

— சரி, அடிச்சுடலாம். அதுக்கு முன்னால அந்த ஜாக்கி, ஸ்டாண்டு ரெண்டையும் இப்படித் தள்ளி விடு சந்தோஷ். கிரைண்டர் பிளக்கையும் மாட்டு.

— மாட்டியாச்சு பாய். நல்லா மழமழன்னு தேய்ச்சு விடுங்க. போன தடவை மாதிரியே.

— கண்ணுல பொறி விழும். ரெண்டு பேரும் தள்ளிப் போய் நில்லுங்க.

— வாங்கக்கா, இப்படி நிழலுக்கு. டீ சொல்லட்டுமா?

— உங்கையால பச்சத் தண்ணி வேண்டாம்.

— கோவப்படாதீங்கக்கா. அடுத்த வருசம் உங்களுக்கு நல்ல வண்டி ஒண்ணு பார்த்து வெக்கிறேன். பனமரத்துப்பட்டியில ஒரு வாத்தியாரு வெச்சிருக்காரு. ஸ்கூலுக்கு மட்டுந்தான்...

— பொறி என்னடா இப்படி அடிக்குது? தேய்க்கிறதுக்கு இவ்வளவு நேரமா?

— அவரே செஞ்ச வேலைதானேக்கா, சுத்தமாப் பண்ணுவாரு.

— இந்தப் பக்கம் முடிச்சுட்டு அந்தப் பக்கமும் போறாரே? வெடிப்பு ஒரு பக்கந்தானே? ஏனுங்க! பாய்! அந்தப் பக்கம் எதுக்குங்க?

— பாய்... பாய்! கிரைண்டரை நிறுத்துங்க! அக்கா, அவரு தேய்க்கலக்கா!

— அய்யோ! என்னடா சத்தம் அது? வண்டி நடுவுல எறங்குது!

— பிளக்கைப் பிடுங்குக்கா! யோவ், உனக்குப் பைத்தியமா? வெளிய வாய்யா! ரெண்டு பக்கமும் அறுத்துட்டான்க்கா, ரெண்டு துண்டாத் தொங்குது! போலீசுக்குப் போறேன், பாரு!

— போ சந்தோஷ். நானும் வர்றேன். நம்பர் பிளேட் இல்லாம வந்த கதையிலிருந்து ஆரம்பிப்போம்.

— என் வண்டிங்க பாய் அது! எம்பட வண்டி! திங்கக்கிழமைக்கு நான் அவளுங்ககிட்ட என்னன்னு சொல்லுவேன்?

— இங்க கூட்டிட்டு வந்து காட்டுங்க தங்கச்சி. குனிய வேண்டாம், நின்னுக்கிட்டே பார்த்தாத் தெரியும்.