பாஸ் மீன் கூடு கட்டும் காலம்

நீதிக்கு ஒரு பருவம் உண்டு. அது கனியும்வரை காத்திருக்கத் தெரிந்தவனே மனிதன். என்னுடைய நீதி, குளத்துத் தண்ணீர் பதினாறு டிகிரிக்கு வரும்வரை காத்திருந்தது. அதை அளக்க நான் பாவித்தது, குழந்தைகளைக் குளிக்க வார்க்கும்போது தண்ணீரில் மிதக்கவிடுகிற ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து. அதன் வயிற்றில் வெப்பமானி இருக்கிறது. பேரப்பிள்ளை வளர்ந்துவிட்டதால் வீட்டில் சும்மா கிடந்தது.

மாக்கஸ் ஐயா, மீன்வள அதிகாரியான உங்களிடம் நான் எதையும் மறைக்கப் போவதில்லை. நிரூபா பிள்ளை உங்களுக்கு மொழிபெயர்க்க வசதியாக ஆறுதலாகவே சொல்கிறேன். என் பெயர் சீமோன். ஸ்காபரோவில் கேற்றரிங் கடை, ஸ்ரௌவ்வில்லில் வீடு. வீட்டுக்குப் பின்னால்தான் அந்தக் குளம். முன்பு கிரவல் கல் தோண்டி அள்ளிய கிடங்கு. இப்போது சுற்றிவர எங்கள் ஆட்களின் வீடுகள். அவற்றில் பாதியை விற்றுக் கொடுத்தவர் வீட்டு முகவர் நவரட்ணம். பஸ் தரிப்பிட வாங்குகளில் ஒட்டிய விளம்பரத்தில், அவருடைய சிரித்த முகத்தில்தான் நாங்கள் எல்லோரும் முதுகு சாய்க்கிறோம்.

பாஸ் மீன் முட்டையிடப்போகும் காலத்தை எப்படி அறிவது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். லைலக் பூ விரிந்து, புல்தரையில் மஞ்சள் டன்டிலயன் பூக்கள் நரைக்கத் தொடங்கினால் குளத்தைக் கவனிக்கலாம். வெயில் முழுநாளும் விழுகிற வடக்குக் கரைதான் முதலில் சூடாகும். ஒரு நாள் வெயிலை நம்பக்கூடாது. இரவுக் குளிர் போன பிறகும் தண்ணீர் பதினாறுக்குக் கீழே இறங்காமல் நிற்க வேண்டும். அப்போது ஆண் மீன்கள் ஆழத்தை விட்டு முழங்கால் தண்ணீருக்கு வரும். வாலால் சேற்றைக் கூட்டித் தள்ளி, கிரவல் தெரியத் தாம்பாளம் அளவில் ஒரு வட்டத்தைத் துப்புரவாக்கும். கூட்டிக் கூட்டி வால் நுனி தேய்ந்து சிவந்திருக்கும். வயிறு பெருத்த பெண் மீன்கள் சற்று ஆழத்தில் நின்று இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இவ்வளவும் கண்டால், இன்றோ நாளையோதான்.

இதை எனக்குச் சொன்னவர் எதிர்வீட்டுக் கிளிபோட், அந்த நிலத்தின் பழைய சொந்தக்காரர். ஆனால் அவர் சொன்னது இங்கிலிஷில். தமிழில் முதலில் சொன்னவன் நான். இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் மார்க்கம் நகரத்து மண்டபம் ஒன்றில் விழா நடந்தது, சிற்றுண்டி என் கடையுடையது. நவரட்ணம் ‘குளமும் குலமும்’ என்று உரையாற்றினார். லைலக்கில் தொடங்கி வால் நுனி வரைக்கும் என்னுடைய சொற்கள். தாம்பாளம்கூட என்னுடையது. பிறகு அவருக்குப் பொன்னாடை போர்த்தி ‘குளக்காவலர்’ என்று பட்டம் கொடுத்தார்கள். பட்டம் கொடுத்த மன்றத்துக்குத் தலைவரும் அவர்தான். அவர் மேடையில் நின்று என் பெயரைச் சொன்னபோது நான் எழுந்து, போட்டிருந்த சேட்டை இழுத்துச் சரிசெய்தேன்.

“சீமோன் அண்ணை, இஞ்சை றோல்ஸ் முடிஞ்சுது. உள்ளுக்கை கிடந்தா எடுத்து விடுங்கோ.”

ஒலிவாங்கியில் சொன்னார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன், றோல்ஸும் எடுத்துவிட்டேன். பொன்னாடைக்கு ஆசைப்படுகிற ஆள் நானில்லை, ஐயா. என் பிரச்சினை உண்மை பற்றியது.

இந்த வருடம் அவர் குளக்கரையில் ‘குஞ்சு காண் விழா’ வைத்தார். கூடாரம், ஒலிபெருக்கி, நகரசபையிலிருந்து ஒரு விருந்தாளி. தகப்பன் மீன்கள் குஞ்சு காப்பதைச் சனம் கரையில் நின்று பார்ப்பதாகத் திட்டம். சிற்றுண்டிக்கு என்னிடம் மீன் கட்லற் சொல்லியிருந்தார்.

“ரின்னிலை அடைச்சு வாற மீன் போட்டுடாதேங்கோ அண்ணை. நல்ல மீனாப் போடுங்கோ. பெரிய ஆக்கள் வருகினம்.”

“ஓம், அது பிரச்சினையில்லை” என்றேன். நல்ல மீன் எங்கே நிற்கிறது என்பது எனக்குத் தெரியும்.

கூடு காக்கிற மீனைப் பிடிப்பதை மீன்பிடி என்று சொல்ல முடியாது. முட்டையிட்டதும் தாய் போய்விடும். தகப்பன்தான் தின்னாமல், செட்டையால் தண்ணீரை விசிறிக்கொண்டு நிற்கும். தூண்டிலில் ஒரு ரப்பர் புழுவைக் கொளுவிக் கூட்டுக்குள் விட்டால், பிள்ளைகளுக்கு ஆபத்து என்று அதை வாயால் கவ்வி அப்புறப்படுத்தப் பார்க்கும். அவ்வளவுதான் வேலை. மீன் பிடிக்க அனுமதிக்கிற சீசன் இன்னும் திறக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். விடிய எழும்பி ஒவ்வொரு கூடாகப் போனேன். தகப்பனைத் தூக்கியதும் சன்ஃபிஷ் என்ற சின்ன மீன்கள் குஞ்சுகளைத் தின்னக் கூட்டமாக வந்துவிடும். நான் அடுத்த கூட்டுக்கு நடந்து போய்ச் சேர முன்னரே இந்தக் கூடு காலியாகிவிடும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். சத்தமே இல்லாத வேலை.

கடைசிக் கூட்டில் நின்றது ஒரு கண் பழுதான மீன். நவரட்ணம் அதற்கு ‘வாத்தியார்’ என்று பெயர் வைத்திருந்தார். மனைவி இராஜேஸ்வரி செத்த பிறகு, பின்னேரங்களில் மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து அதற்கு முன்னால் போட்டுக் குந்தியிருப்பார். கதைப்பார் என்றும் சொல்வார்கள். அந்த மீனை நான் மற்றவற்றோடு கலக்கவில்லை. தனியாக அவித்து, முள் எடுத்து, தனியாகப் பொரித்து அவருடைய தட்டில் வைத்தேன்.

விழாவன்று நவரட்ணம் காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, தோளில் பொன்னாடையோடு தண்ணீருக்குள் இறங்கினார். “இஞ்சை பாருங்கோ” என்றார். சனம் பார்த்தது. கிரவல் இருந்தது.

“எங்கை தம்பி மீன்?” என்று கரையிலிருந்து ஒரு அம்மா கேட்டார்.

“பொறுங்கோ அன்ரி, வருவினம்.”

“வெளிக்கிட்டிட்டினமோ, இனித்தான் குளிச்சு வெளிக்கிடப் போகினமோ?”

சிரிப்பு. அவர் ஒலிவாங்கியைப் பிடித்தபடி, நான் கரையிலிருந்து நீட்டிய அவருடைய தட்டிலிருந்து கட்லற் ஒன்றை எடுத்துக் கடித்தார். “கட்லற் திறம் அண்ணை. உது என்ன மீன்?”

“குளத்து மீன்” என்றேன். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். இந்தமுறை சிரிப்பு என் பக்கம் இருந்தது. அவர் இன்னொன்று எடுத்தார்.

சில நாள் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

“அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. நான் எங்கை பிழை விட்டனான்?”

தேநீர் கொடுத்தேன். ஒலிபெருக்கியைப் பூட்டிப் பரிசோதித்த சத்தத்துக்குத் தகப்பன்மார் வெருண்டு கூட்டை விட்டு ஓடியிருக்கும், குஞ்சுகளைச் சன்ஃபிஷ் தின்றிருக்கும், மனம் வருந்தாதேங்கோ என்று பக்குவமாகச் சொன்னேன்.

“வாத்தியாருமோ?”

“அவன்தான் முதல் ஓடியிருப்பான்.”

அவர் தேநீரைத் தொடவில்லை. அடுத்த குப்பை நாளில் அந்த மடக்குக் கதிரை வீதியோரம் கிடந்தது. தலைவர் பதவியையும் விட்டுவிட்டார். பிறகு உங்கள் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, குளத்து மீன்களை அழித்தவன் நான்தான், வந்து என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள் என்று தன்மேலேயே பழியைப் போட்டுச் சொன்னாராம். நீங்கள் அவரைத் தேடி வந்த காலையில்தான் ரக்கூன் என் பச்சைக் குப்பைப் பெட்டியைக் கவிழ்த்து, மீன் தலைகளை வாசல் ட்றைவ்வே எங்கும் இழுத்துப் போட்டிருந்தது. கெட்டு மணக்கும் என்று ஃப்ரீசரில் வைத்திருந்து முதல் நாள் இரவுதான் வெளியே போட்டேன். ஒற்றைக் கண் தலையை நீங்கள் குனிந்து பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

ஓம், எல்லாக் கூட்டையும் நான்தான் வெறுமையாக்கினேன். நவரட்ணத்துக்கு நான் சொன்னதும் பொய். எனக்கு இதில் வருத்தம் இல்லை. உண்மைக்காகச் செய்தவன் வருந்தத் தேவையில்லை. பொன்னாடைக்காக இல்லை என்று முன்னரே சொல்லியிருக்கிறேன்.

அன்று மீன் வரவில்லை, சனம் கலையத் தொடங்கியது. எங்கள் விழா ஒன்று யாருக்காவது பொன்னாடை போர்த்தாமல் முடியாது. நவரட்ணம் தண்ணீருக்குள்ளிருந்து ஏறி வந்து, தன் தோளில் கிடந்ததைக் கழற்றி, கட்லற்றுக்காக என்று சொல்லி எனக்குப் போர்த்தினார். ஒரு கரை நனைந்திருந்தது.

அதை வீட்டில் காயவைத்து, ஸ்திரி போட்டு, போர்த்திக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்று படம் எடுத்தேன். சற்றுமுன் இந்த மேசையில் என் போன் அடித்தபோது அதன் முகப்பில் நீங்கள் பார்த்தது அந்தப் படம்தான்.