கறுத்த ஃபிலிம்

தூத்துக்குடிக் காற்றில் வெள்ளியின் நிறம் நிற்காது, இன்ஸ்பெக்டர் சார். என் மனைவி ஜெப்ஸியின் கொலுசை மாதம் ஒருமுறை பல்பொடி போட்டுத் தேய்த்துக் கொடுப்பது நான்தான்.

என் ஆராய்ச்சியும் வெள்ளியில்தான். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்களைப் பிளாஸ்டிக்கில் கலந்து நகத்தளவு ஃபிலிம் செய்கிறேன். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு லேசர் ஒளியைப் பாய்ச்சினால் போதும். பூச்சிமருந்து துளி கலந்திருந்தாலும் திரையில் ஓடும் கோடு முள்ளாக எழும். வெள்ளி கறுத்துப்போன ஃபிலிமில் எதுவும் எழாது. அதனால் முதலில் ஓரத்தில் மருந்துச் சொட்டு ஒன்றை விட்டு, ஃபிலிம் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம்.

பொன்செல்வி எங்கள் ஆய்வகத்தில் குப்பி கழுவுகிறவள். ஒரு திங்கட்கிழமை பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"சார், எங்க அடிபம்புல மருந்து வாடை அடிக்கி. பிள்ள குடிக்கலாமான்னு பாத்துச் சொல்லுங்க."

பிள்ளை என்றது அவள் மகள் சந்தனச்செல்வியை. ஆறு வயது.

நல்ல ஃபிலிம் நான்கே இருந்தன. புதன்கிழமை டெல்லியிலிருந்து நிபுணர் குழு வருகிறது. நான்கும் அவர்களுக்கு வேண்டும். ஜன்னலோரம் கிடந்த ஒன்றை எடுத்தேன், கறுத்தது என்று தெரிந்தேதான். ஓரச் சொட்டு விடவில்லை. கோடு நேராக ஓடியது. அவளுக்கும் காட்டினேன்.

"ஒண்ணுமில்ல பொன்செல்வி. தைரியமா குடு."

திரையில் இருந்ததைத்தான் சொன்னேன்.

குழு பாராட்டிவிட்டுப் போனது. ஒரு ஃபிலிம் மிஞ்சியது. வீணாக்க மனமில்லாமல், அவள் பாட்டிலில் மீந்திருந்த தண்ணீரை அதில் விட்டேன். அவ்வளவு உயரமான முள்ளை நான் பார்த்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

வியாழக்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். பிள்ளைக்கு லேசாக வயிற்றுவலி என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், திங்கட்கிழமை ஏன் தெரியவில்லை என்ற கேள்வி வரும். ஃபிலிமின் பெயர் கெடும். எத்தனையோ ஊர்களைக் காப்பாற்றப் போகிற ஃபிலிம் சார் அது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை செத்துப்போனது.

துட்டி கேட்கப் போனேன். பொன்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்களே பாத்துச் சொன்னியளே சார், பின்ன எப்படி?" ஆறுதல் சொன்னேன். அவர்கள் கொடுத்த காப்பியை மட்டும் நான் தொடவில்லை.

என் கட்டுரையில் மூன்றாவது படம் அந்த முள்தான். நன்றி மறந்தவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது சார். தண்ணீர் தந்து உதவிய பொன்செல்விக்குக் கடைசிப் பக்கத்தில் பெயர் போட்டு நன்றி சொல்லியிருக்கிறேன்.