முந்நூறு கிராம்

ஷாலின்: இன்னும் இருவத்தஞ்சு மணி நேரந்தான் கீது காவேரி. நாளைக்கு நாலு மணிக்கு விழா.

காவேரி: இதச் சொல்லவா பென்னலூர்லருந்து பஸ் ஏறி வந்து கம்பெனி கேட்டாண்ட நின்னுக்கினு கீற? ஷிப்ட் முடிஞ்சு இன்னும் கைகூடக் கழுவல நானு.

ஷாலின்: போன எடுத்தாத்தான... பரசுராமன் சார் ரிட்டையர் ஆவுறாரு. முப்பது வருசம் நம்ம இஸ்கூல்ல பி.டி. சாரு. அவருகிட்ட கபடி கத்துக்கின பொண்ணுங்க எல்லாம் வராங்க.

காவேரி: எல்லாம் வராங்கல்ல. அப்புறம் நான் எதுக்கு?

ஷாலின்: உன்னத்தான் பேசச் சொல்றாரு.

காவேரி: யாரு... சாரா?

ஷாலின்: ஒரு ஸ்டூடண்ட் பேசுனா போதும், அது காவேரின்னாரு.

காவேரி: இன்னாடி இது. நீ ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல படிச்ச, ஸ்டேட்டு ஆடுன, இப்ப நீயே ஒரு பி.டி. டீச்சரு. நான் இங்க லைன்ல கார் சீட்டுக்கு நட்டு முடுக்கிக்கினு கீறேன். என்னப் போயி...

ஷாலின்: ஏன் சார் காவேரின்னு கேட்டேன். சிரிச்சாரு. அவ்ளோதான்.

காவேரி: மறந்திருப்பாரு. நான் மறக்கல.

ஷாலின்: அந்த வெயிட்டு மேட்டரா... இன்னுமா?

காவேரி: பதினோரு வருசம். காஞ்சிபுரத்துல கபடி செலக்சன். அம்பத்தஞ்சு கிலோ தாண்டக் கூடாது. மொத நாள் பாத்தப்ப எனக்கு நூறு கிராம்தான் கம்மி. காலையில மெஷின்ல ஏறி எறங்குறவரைக்கும் தண்ணிகூடத் தொடக் கூடாதுன்னு அவருதான சொல்லுவாரு?

ஷாலின்: எச்சியக்கூட முழுங்காத, துப்புன்னுவாரு.

காவேரி: சிரிக்காத. அவ்ளோ கண்டிப்பான ஆளு, அன்னிக்கு மட்டும் ஏன்டி அப்படிச் சொல்லி அனுப்புனாரு? போற வேன்ல முன் சீட்ல ஒக்காந்துக்கினு இருந்தாரு. நீதான் பின்னால வந்து சொன்ன. 'சார் நோட்டுல பாத்தாராம், உனக்கு நெறைய கம்மியாம், சாப்டுன்னாரு'ன்னு.

ஷாலின்: ம்.

காவேரி: மூணு இட்லி, அர பாட்டில் தண்ணி. முந்நூறு கிராம் ஜாஸ்தி. கிரவுண்ட பத்து ரவுண்டு ஓடிட்டு வந்து திருப்பி ஏறுனேன். எட எறங்கவே இல்ல. சப்ஸ்டியூட்டுன்னு ஒக்காந்திருந்த உன்ன எறக்குனாங்க, அப்படியே ஹாஸ்டலுக்கும் எடுத்துக்கினாங்க.

ஷாலின்: தெரியாமச் சொல்லியிருப்பாரு... விடேன்.

காவேரி: அவரா, தெரியாமயா? நம்ம எட எல்லாம் நோட்டு பாக்காமலே சொல்லுவாரே. அப்பவே நேராப் போயிக் கேட்டேன், ஏன் சார் சாப்டச் சொன்னீங்கன்னு. நீயும் பக்கத்துலதான் நின்ன. உன்ன ஒரு தபா பாத்தாரு. அப்பால, 'ஆமாம்மா, என் தப்புதான்'னாரு.

ஷாலின்: ஞாபகம் கீது.

காவேரி: சரி, உன்ன எறக்கத்தான் என்னக் கழட்டி வுட்டாருன்னு வச்சுக்குவோம். அப்படின்னா ஏன் எங்க வூட்டுக்கு வந்து, பொண்ணு படிப்ப நிறுத்தாதீங்கன்னு எங்கப்பாகிட்ட கெஞ்சுனாரு? இந்த வேலைக்கும் அவருதான சூப்பர்வைசராண்ட பேசுனாரு? நல்லவரா, கெட்டவரா... நட்டு முடுக்கிக்கினே யோசிப்பேன். ஒண்ணும் புரியாது.

ஷாலின்: நல்லவரு காவேரி.

காவேரி: உனக்கு நல்லவரு. நாளைக்கு வந்தா மைக்குலயே கேப்பேன். எல்லாரையும் ஆட வச்சீங்க சார், என்ன மட்டும் ஏன் வுட்டீங்கன்னு.

ஷாலின்: வேணாம்.

காவேரி: பேசச் சொன்னா அதத்தான் பேசுவேன். அவரு பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடியே.

ஷாலின்: அதுக்கும் ஆமா, என் தப்புதான்னு நிப்பாருடி அவரு.

காவேரி: நிக்கட்டும். பஸ் வந்திருச்சு, நவுரு.

ஷாலின்: ஏறாத... கேளு. நேத்து சார் வூட்டுக்குப் போனேன். நீங்களே அவகிட்ட சொல்லிருங்க சார்னு கேட்டேன்.

காவேரி: இன்னாத்த?

ஷாலின்: முடியாதுன்னுட்டாரு. நான் சொல்ற விசயம் இல்லம்மான்னாரு.

காவேரி: டிரைவர் ஹாரன் அடிக்கிறான்டி. எந்த விசயம்? சட்டுனு சொல்லு.

ஷாலின்: சாரு உன்னச் சாப்டச் சொல்லல காவேரி. நானாத்தான் வந்து சொன்னேன்.