பாஸ்போர்ட்டுக்கு லேமினேஷன்

பிள்ளைகளே, இன்று சிவாஜிநகர் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அக்கா, பாஸ்போர்ட்ல போட்டோ பக்கத்த மட்டும் கிழிச்சு, ஆதார் மாதிரியே லேமினேஷன் போட்டுட்டேன்!” என்றாள் இளையவள்.

“அடிப்பாவி! இனிமே அது செல்லாதுடி!”

“ஐயோ, நாளைக்கு ஃப்ளைட்டு! புத்தர் பொறந்த லும்பினிய பாக்கணும்னு எத்தன வருஷத்து ஆச!”

“அழாத. நேபாளத்துக்கு நமக்கு விசாவே வேணாம். போன வருஷம் நான் ஓட்டர் ஐடி காட்டித்தான் போனேன்.”

“ஆதார் போதாதா?”

“பிளேன்ல போனா சின்னப் பசங்களுக்கும் வயசானவங்களுக்கும்தான் ஆதார ஒத்துக்குவாங்க, நம்ம வயசுக்கு மாட்டாங்க. ஓட்டர் ஐடி எங்க?”

இளையவள் பையை மடியில் கவிழ்த்துத் தேடினாள். கிடைத்துவிட்டது!

மூத்தவள் வாங்கிப் பார்த்தாள். “இதுக்கும் நீயே லேமினேஷன் போட்டியா?”

“இல்லக்கா! இதுக்கு கவர்மெண்ட்டே போட்டுக் குடுத்துட்டாங்க!”