வெள்ளிக்கிழமை விடுமுறை

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை என்பது இந்த ஊரில் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை, இன்ஸ்பெக்டர் சார். பூட்டின கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பழகிப்போய்விட்டது.

கும்மிடிப்பூண்டிக் கிளை நூலகத்தில் காலையில் கதவைத் திறந்ததிலிருந்து என்னென்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். தினசரித் தாளுக்காக ரிட்டயரான அருணாச்சலம் வாத்தியாரும் ரேஷன் கடைக்காரரும் மல்லுக்கு நிற்பார்கள். இரும்பு ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடித்தவர்கள் வார இதழை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவார்கள். சமையல் குறிப்பை யாரோ கிழித்துக்கொண்டு போயிருப்பார்கள். அலுத்துப்போய்விட்டது சார். அடுத்தது என்னவென்று தெரியாத ஒரே இடம், மேஜை இழுப்பறையில் நான் வைத்திருக்கும் கதைதான். வேற்றுக் கிரகம், வரப்போகிற நூற்றாண்டு, காலத்தில் பின்னோக்கிப் போகிற இயந்திரம், இந்த மாதிரிக் கதைகள். புதுப் புத்தகம் வந்தால் முத்திரை குத்தி, முதலில் நான்தான் படிப்பேன். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

யேசுதாஸ் என்பவர் இங்கே ஒரு ரசாயனக் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் வேலை செய்தவர். இந்த மாதிரிக் கதைகள் இருக்கிற அலமாரிக்கு என்னை விட்டால் அவர் ஒருவர்தான் வாசகர். பேச்சுத் துணை கிடைத்ததென்று முதலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் கைக்குழந்தை, பகலில் தூங்க முடியவில்லை என்றார். பின்பக்க அறையைப் பூட்டாமல், வெறுமனே தாழ்ப்பாள் போட்டு வைத்தேன். விடுமுறை நாளில்கூட வந்து, பழைய இதழ்க் கட்டுகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வார்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். படித்துவிட்டுச் சும்மாவும் இருக்கமாட்டார்.

"இன்னா ஸம்பத்து சார், அந்த ராக்கெட்டு கடைசீல நம்ம பூமிக்கே வந்து எறங்குது. இத்தப் போயி இத்தினி நாளா படிச்சிகினு கீறீங்க?"

சொல்லாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். "கோச்சிக்காதீங்க சார்" என்று சிரிப்பார். அடுத்த புத்தகம் வந்தால் அதற்கும் முடிவைச் சொல்லிவிடுவார். இழுப்பறையில் ஒளித்து வைத்தால் தேடி எடுத்துவிடுவார். எனக்கு வயிறு எரிந்தது சார்.

பூச்சிமருந்து வைப்பது எப்போதுமே விடுமுறை நாளில்தான். நெல் கிடங்கில் வைக்கிற, விஷவாயு கிளம்பும் மாத்திரைதான். ஜன்னல் இடுக்கு, கதவிடுக்கு எல்லாவற்றிலும் பசை தடவிக் காகிதம் ஒட்டிவிட வேண்டும். போன வெள்ளிக்கிழமை பின்வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. எட்டிப் பார்த்தேன். அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. மருந்தை வைத்தேன். வெளியே கிடந்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே என்று செருப்பை எடுத்து உள்ளே வைத்தேன். அன்றைக்குத் தாழ்ப்பாளோடு பூட்டும் போட்டு, காகிதம் ஒட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. விடுமுறையன்று தட்டுவார்கள் என்று சொன்னேனே. பசை காயட்டும் என்று படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அவர் மனைவி ஆரோக்கியமேரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"சார், எங்க ஊட்டுக்காரு இங்க வந்தாரா?"

"இன்னைக்கு லீவும்மா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே சார்.

மறுநாள் கதவையும் ஜன்னலையும் திறந்துபோட்டு, காற்று வந்துபோகக் காத்திருந்து, உள்ளே போனேன். அவர் கதவோரமாகக் கிடந்தார். படுத்திருந்த இடத்தில், இழுப்பறையில் காணோமென்று நான் தேடிக்கொண்டிருந்த புதுப் புத்தகம். நடுவில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட். கடைசி அத்தியாயத்தை மட்டும் மொத்தமாகச் சேர்த்து, குழந்தைத் துணிக்குக் குத்துகிற ஊக்கால் குத்தி வைத்திருந்தார். தானே பார்த்துவிடக் கூடாதென்றுதான். நான் கெஞ்சியது ஒருவழியாகக் காதில் ஏறியிருக்கிறது.

ஊக்கைக் கழற்றினேன். உங்களுக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் அங்கேயே உட்கார்ந்து முழுதும் படித்து முடித்தேன். முடிவு எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது சார். இத்தனைக்கும் யாரும் சொல்லவில்லை.