புஸ்பராணி அக்காவின் கல்வெட்டு

மாலை ஆறு மணி. தை மாதம்... ஆறு மணிக்கே கும்மிருட்டு. கனடாக் குளிரில், ரூஜ் காட்டுக்கு நடுவில் இறங்கி ஏறும் ஒடுங்கிய வீதியில் ஒரேயொரு கார்.

ஓட்டியவர் அன்புராசா அண்ணை. என் சிநேகிதி நிலாணியின் சித்தப்பா. இது அவருக்கு நடந்தது, நிலாணி எனக்குச் சொன்னது. எல்லாரும் கிட்ட வந்து இருங்கள். விதுஷன், அந்தப் போனைக் கீழே வை.

காரின் பின் சீற்றில் மூன்று பெட்டி. உள்ளே முந்நூறு கல்வெட்டு. என்ன விதுஷன், முழிக்கிறாய்? கல்லில் வெட்டுவது இல்லையடா. ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் சோறு போட்டு, கையில் ஒரு புத்தகம் கொடுப்போமே, அதுதான். தேவாரம் இருக்கும், வம்சாவளி இருக்கும், நடுவில் செத்தவரின் வாழ்க்கை வரலாறு இருக்கும். எங்கள் ஊர் ஆட்களுக்கு இந்த நகரத்தில் அந்த வரலாற்றை எழுதுவது அன்புராசா அண்ணைதான். ஊர்ச்சங்கத் தலைவர் அல்லவா.

இந்த முறை செத்தது புஸ்பராணி அக்கா. மறுநாள் முப்பத்தொன்று.

அண்ணை என்ன செய்திருந்தார் தெரியுமா? இரண்டு வருடத்துக்கு முதல் செத்த இராஜேஸ்வரி ரீச்சருக்கு எழுதியதை எடுத்தார். பெயரையும் திகதியையும் மாற்றினார். பள்ளிக்கூடத்தைப் பற்றிய வரிகளை வெட்டினார். மற்றதெல்லாம் அப்படியே. 'இசையில் பேரார்வம் கொண்டு வீணை மீட்டியவர்' என்று கிடக்கிறது. அக்கா பிடித்ததெல்லாம் மொப்பும் வாளியும்தான். டவுன்ரவுனில் கந்தோர்களில் தரை துடைத்த மனுசி.

அக்காவின் மகன் ஜெனோசன் இங்கே பிறந்தவன். தமிழ் வாசிக்கத் தெரியாது. "நீங்க எழுதினா ஓகே அங்கிள், ஐ ட்ரஸ்ட் யூ" என்றிருக்கிறான். பாவம்.

எழுதப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் செய்தார் என்று நினைப்பீர்கள். அப்படி இருந்தால் இந்தக் கதையே இல்லை. தொண்ணூற்றொன்றில் அண்ணை இங்கே வந்து இறங்கியபோது பனிக்குப் போட ஒரு சப்பாத்துக்கூட இல்லை. வாங்கிக் கொடுத்தது அக்கா. அஜின்கோர்ட்டில் அக்காவின் அப்பார்ட்மெண்டில்தான் பதினான்கு மாதம் படுத்தார், சாப்பிட்டார். ஊரில் தாய் செத்த செய்தி இருபது நாள் பிந்தி வந்தது. அக்கா இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் அவர் பக்கத்திலேயே இருந்தார்.

பிறகு அண்ணை பெரிய மனிசன் ஆனார். வீடு விற்கிற ஆள், சங்கத் தலைவர். அக்கா கடைசி நாலு வருடம் முதியோர் இல்லத்தில்... அண்ணையின் வீட்டிலிருந்து ஏழு நிமிடம். ஒரு நாள் எட்டிப் பார்க்கவில்லை. உண்மையை எழுதப் போனால் இதையெல்லாம் எழுத வேண்டும். அதுதான் ரீச்சரின் வாழ்க்கையைத் தூக்கி அக்காவுக்குப் போட்டார்.

சரி... கார் பள்ளத்தில் இறங்கியது. ஒற்றைப் பாலம். கீழே ஆறு பாதி உறைந்து கிடந்தது. அப்போது ஒரு மணம். தரை துடைக்கிற புளீச்... அதோடு வதக்கிய வெங்காயம்.

பின்னால்... சர்ர். ஒரு தாள் புரண்டது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

சர்ர்...

பெட்டிகளுக்கு ஒட்டிய ரேப் ஒட்டியபடிதான் இருந்தது, ஏற்றும்போது அவரே பார்த்தவர். அண்ணை பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியைப் பார்க்கவில்லை. வீதியையே பார்த்து ஓட்டினாராம்.

பிறகு ஒரு குரல் வாசிக்கத் தொடங்கியது. ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசிப்பார்களே, அப்படி. "வீ... ணை... மீட்... டி..." அவசரமே இல்லை. கடைசி வரி வரைக்கும் வாசித்தது. முடித்துவிட்டு ஒரு பெருமூச்சு.

"நல்ல மனுசி போல கிடக்கு, தம்பி. ஆர் இது?"

அண்ணைக்குக் குரல் தெரியும். பதினான்கு மாதம் சாப்பிடக் கூப்பிட்ட குரல். அது நீங்கள்தான் அக்கா என்று சொல்லியிருக்கலாம். காரை நிறுத்தி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவர் சொன்னதைக் கேளுங்கள்.

"ஊர்ப் பொம்பிளை ஒராள். எனக்கு அவ்வளவு பழக்கமில்லை."

"அப்பிடியோ..." என்றது குரல். புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

மேட்டில் ஏறி வீதி விளக்குக்கு வந்தபோது மணமும் இல்லை, குரலும் இல்லை.

நேரே நிலாணி வீட்டுக்குப் போனார். சப்பாத்தைக் கழற்றாமல் படியிலேயே இருந்து அழுதார். பேயைக் கண்ட பயத்தில் என்றுதான் நிலாணி முதலில் நினைத்தாள். மனுசனைத் தின்றது வெட்கம். பதினான்கு மாதக் கதையை முழுதாகக் கொட்டினார்.

"நேர கேக்கேக்க தெரியாதெண்டு சொல்லிப்போட்டன், பிள்ளை. நாளைக்கு மைக்கில எல்லாத்தையும் சொல்லுவன். ஒண்டும் விடமாட்டன்."

மறுநாள் மண்டபம் நிறைந்த சனம். அண்ணை மைக்கைப் பிடித்தார். முன்வரிசையில் சங்க ஆட்கள், அவரிடம் வீடு வாங்கியவர்கள். தொண்டையைச் செருமினார்... நிலாணி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அண்ணை கல்வெட்டைத் திறந்து, அச்சடித்ததை அப்படியே வாசித்தார். வீணை உட்பட.

நானும் அந்த மண்டபத்தில் இருந்தேன். அக்காவின் கையால் சாப்பிட்டவள்தான் நானும். வீணை என்றதும் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு போய், "நல்ல எழுத்து, அண்ணை" என்றும் சொன்னேன். என்னை அப்படிப் பார்க்க வேண்டாம், கதையைக் கேளுங்கள்.

சாப்பாடு முடிந்து சனம் கலையும் நேரம். வாசலில் நின்று கல்வெட்டு கொடுத்தது நிலாணி. பனித்தொப்பியும் சால்வையுமாக ஒரு வயதான அம்மா வந்தார். முகம் சரியாகத் தெரியவில்லை. ஒரு புத்தகத்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"பிள்ளை, இந்த மனுசியின்ர வீடு எங்க? மனம் கேக்கேல்லை. ஒருக்காப் போய்த் துக்கம் விசாரிக்கவேணும்."

நிலாணி அக்காவை உயிரோடு பார்த்ததே இல்லை. பிக்கரிங்கில் ஜெனோசனின் விலாசத்தைச் சொல்லிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஜெனோசன் நிலாணி வீட்டுக்கு வந்தான். அண்ணையும் அங்கே இருந்தார். வாசல் கமராவில் ஒரு பதிவு இருக்கிறது என்று போனைக் காட்டினான். முப்பத்தொன்று அன்று பின்னேரம், வீட்டார் இன்னும் மண்டபத்தில் நின்ற நேரம். படத்தில் பனியும் படியும் மட்டும். ஆளில்லை. குரல்தான்.

"வீட்டில ஒருத்தரும் இல்லையோ...? எனக்கு அவவைத் தெரியாது. புத்தகத்திலதான் வாசிச்சனான்..."

பிறகு அழுகை. பதினொரு நிமிடம்.

காரில் புத்தகம் வாசித்தது யார் என்று நிலாணிக்கு அப்போதுதான் விளங்கியது. மண்டப வாசலில் கேட்ட அதே குரல்.

"ஆரோ ஒரு அன்ரி, ரோங் ஹவுஸ் போல" என்றான் ஜெனோசன். "இவ ஆரெண்டு தெரியுமா அங்கிள்?"

பெற்ற தாயின் குரல்... பிள்ளைக்குத் தெரியவில்லை.

நிலாணி அண்ணையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சித்தப்பா, இப்பவாவது சொல்லுங்கோ. உங்களை வச்சுப் பார்த்த மனுசியெல்லே இது!"

அண்ணை போனை வாங்கினார். காதோடு வைத்து இன்னொரு முறை கேட்டார். கவனமாக, பதினொரு நிமிடமும். பிறகு நிமிர்ந்தார். ஒளிக்கிற ஆளின் முகம் தனக்குத் தெரியும், அது அப்படி இருக்கவில்லை, உண்மையாகவே நினைவில்லாத ஆளின் முகம் என்கிறாள் நிலாணி.

மெல்லக் கேட்டாராம்.

"பிள்ளை... நான் கனடாவுக்கு வந்த புதுசில... ஆரின்ர வீட்டில இருந்தனான்?"