தூக்குமேடையில் தண்ணி

எனக்கு ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றும், சார். கறிக்கடை இருக்கிற தெருவில்கூட நடக்க மாட்டேன். மரண தண்டனை கூடாது என்று நாடகம் எழுதியவன் அப்படித்தானே இருப்பான்.

எழுதுவது, இயக்குவது, ஒப்பனை அறையைப் பெருக்குவது வரை எல்லாம் நான்தான். தூக்குக் கைதியாக நடித்தது என் தங்கை வீட்டுக்காரர். மாப்பிள்ளைக்கு நடிப்பு வராது. மேடை ஏறினால் இறங்க மனசும் வராது. தூக்குப் போடுகிறவராக எங்கள் எலெக்ட்ரீஷியன். கடைசிக் காட்சியில் அவர், "கடைசி ஆசை என்னப்பா?" என்று கேட்பார். "என்னைக் கொன்னா செத்தவன் எழுந்து வருவானா?" என்று கைதி திருப்பிக் கேட்க வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் மொத்த நாடகமும். எழுதிவிட்டு நானே அழுதேன்.

எங்கள் குழுவில் ஓர் ஏற்பாடு உண்டு. மேடையில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனாலோ, ஏதாவது கழன்றுகொண்டாலோ, "தண்ணி" என்று சொன்னால் போதும், திரையை இழுத்து மூடிவிடுவோம். மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? கடைசி ஆசை என்ன என்று கேட்டதும், "தண்ணி" என்றார். கட்டிய கையோடு அண்ணாந்து, குடிகாரன் மாதிரி ஒரு மடக்கு விழுங்கியும் காட்டினார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. திரை இழுப்பவர் பதறிப்போய் மூடிவிட்டார். என் வரி அதோடு போச்சு.

"மச்சான், உங்க வசனத்துக்கு என்னைக்காவது இவ்வளவு கைதட்டல் வந்திருக்கா?" என்றார் மாப்பிள்ளை.

அடுத்தடுத்த ஊர்களிலும் இதே கூத்து. நான் அவசரப்படவில்லை. எச்சரித்தேன். சாட்சிகளைக் கேட்டேன், எல்லோரும் சிரித்ததாகவே சொன்னார்கள். தங்கை, "விட்டுடுங்கண்ணா, அவரு விளையாட்டுப் பிள்ளை" என்றாள். அதைக் கருணை மனுவாக எடுத்துக்கொண்டு, நன்றாக யோசித்து, தள்ளுபடி செய்தேன். இப்படியொரு வழக்கு நடப்பதே மாப்பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்தால் அதையும் ஜோக் ஆக்கிவிடுவார்.

திரை இழுப்பவரிடம், "இனிமே அவரு தண்ணி கேட்டா கண்டுக்காதீங்க" என்றேன். கழுத்துக் கயிறு வெறும் காட்சிக்கு. இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சு. உடம்பைத் தாங்குவது சட்டைக்குள் போட்டிருக்கும் வார். அதன் கொக்கியைப் பின்னாலிருந்து மாட்டிவிடுவது என் வேலை. நேற்று மாட்டவில்லை. முடிச்சை மட்டும் அவிழாதபடி ஒழுங்காகப் போட்டேன்.

முக்காலியில் ஏறி நின்றதுமே, முதுகில் பிடிப்பு இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கேள்வி வருவதற்கு முன்பே "தண்ணி" என்றார். சபை சிரித்தது. "ஐயோ, நெஜமாவே தண்ணி" என்றார். இன்னும் சிரித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நன்றாக நடித்தார். எலெக்ட்ரீஷியன் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டே முக்காலியை உதைத்தார். அவர் மேல் தப்பில்லை, சார். பாவம், அவரை விட்டுவிடுங்கள்.

எனக்குத் தூக்கு கேட்பார்கள் என்கிறீர்கள். கேட்கட்டும். உயிரை எடுக்க எவனுக்கும் உரிமை இல்லை என்று நானே எழுந்து நின்று வாதாடுவேன்.

காலையில் தங்கை வந்தாள். லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அழக்கூட இல்லை.

"நேத்து நானும் முன் வரிசையில உக்காந்து சிரிச்சேனேண்ணா" என்றாள்.

எனக்கு மனசு கனத்துப்போனது. ஆனாலும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. விசாரிக்காமல் யாரையும் தண்டிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.